எதிர்பாராதவை, பத்து வீதம்

லு நுவார்மோனுக்கு மேலே
கடைசிப் பண்ணையும் முடிகிற இடத்தில் நிற்கிறது.
கூரை உண்டு, கதவு உண்டு,
மூன்று யன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி உண்டு.
உள்ளே போனாலும் வெளியேதான்.

நட்ட மரச்சட்டங்களுக்கு நடுவே
காற்று தன் பாட்டில் போய்வருகிறது.
கேதீஸ் கடைசியாக அடித்த ஆணி
பாதி இறங்கி, தலை வளைந்து அப்படியே.
மிஸ்யூ புவாயா அதில்தான் தன் மேலங்கியைக் கொளுவினார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றவர்கள்
இரண்டும் பாதியில் நின்றால்
யாரிடம் விலை கேட்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.
பிரித்தபோது காரும் கடனும் அவனுக்கு.
"முடியாத வேலைதானே, நீயே வைத்துக்கொள்" என்றான்.
பெருந்தன்மை மாதிரித்தான் இருந்தது, அன்றைக்கு.

லேசர் பெட்டியைத் தரையில் வைத்தார்.
சிவப்புப் புள்ளி எதிர்ப்பக்கம் ஓடி நின்றது:
நான்கு மீற்றர் எண்பத்திரண்டு.
மணிக்கூட்டுப் பட்டறையில்
மைக்ரோன் கணக்கில் மெருகு தேய்ப்பவள் நான்.
பெட்டி பின்சட்டத்தில் ஒட்டவில்லை, என்றேன்.
தள்ளிவைத்தார். எண்பத்துமூன்று.
அதற்குப் பிறகு ஒவ்வோர் எண்ணையும் எழுதுமுன்
என்னை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

மைனஸ் இருபத்தைந்தைக் கண்ட ஊர் இது, என்றார்,
நார்ப்பொதியில் மிச்சம் பிடித்தால்
விறகில் கட்டுவீர்கள்.
கூலி மணிக்குத் தொண்ணூற்றைந்து.
அவருடைய ஒரு மணித்தியாலத்துக்கு
என்னுடையது மூன்றரை வேண்டும்.
புகைபோக்கிக்கு அவர் சொன்ன தொகையில்
நான் இந்தியாவுக்குப் போய் வந்திருப்பேன், இரண்டு தரம்.

பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு
ஒரு பலகைத்துண்டில் எழுதிக்கொண்டே வந்தவர்
அடியில் கோடு இழுத்தார்.
முப்பத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
அதற்கும் கீழே இன்னொரு வரி:
எதிர்பாராதவை, பத்து வீதம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம்,
எட்டுப் பொருந்துகிறது என்று
அப்பா எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னார்.
மிச்ச இரண்டுக்கு என்ன ஆகும் என்று
ஒருவரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

"கூடவோ?" என்றார் மிஸ்யூ புவாயா.
குறைவு, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. பத்து வீதம்தான் வழக்கம் என்றார்.

தரையில் கேதீஸ் அடித்த நீலச் சோக்குக் கோடு
இன்னும் அழியவில்லை.
அதன் மேல் ஒரு நடுச்சுவர், அதில் ஒரு கதவு.
அவன் தனியே இருந்து கதைக்க ஓர் அறை.
யாரோடு என்று அப்போது நான் கேட்கவில்லை.

இதை வெட்டிவிடுங்கள், என்றேன்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது போனது.
மேலே குறையக் கீழ்வரியும் தன்னால் இறங்கியது:
எதிர்பாராதவையில்
இருநூற்றுப் பதினான்கு பிராங்க் மிச்சம்.
நல்லதுதான், என்றார், ஒரு அடுப்புச் சூடே சுற்றி வரும்.

முப்பத்தேழாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து.
சீட்டு எடுத்த காசு பதினெட்டாயிரம்.
கழித்துப் பார்க்க எனக்குப் பலகைத்துண்டு தேவையில்லை.
நார்ப்பொதியை நான் அடைக்கிறேன்,
கையுறையும் முகமூடியும் என்னிடம் இருக்கிறது.
அடுப்பும் பலகையும் நீங்கள்.
தரை பிறகு.
"பிறகு" என்றே எழுதினார், திகதி கேட்கவில்லை.

பில் யாருடைய பெயருக்கு?
தயாபரி, என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
அதற்குப் பின்னால் வேறொன்றும் வராதா என்று
பென்சில் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

மேலங்கியை எடுத்தபோது ஆணியைக் கண்டார்.
பிடுங்கிவிடவா? இதற்குக் காசில்லை, என்றார்.
இருக்கட்டும்.
சுவர் வரும்வரை
என் கோட்டைக் கொளுவ வேறு இடமில்லை.